தையல் பிரித்த பிறகு

நாகர்கோவிலிலிருந்து மேற்கே செல்லும் சாலையில், நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் மெல்லப் பின்தங்கி, செம்மண் மேடுகளும் தென்னையும் பனையும் மரச்சீனி விளைகளும் தொடங்குகிற கல்குளம் தாலுகாவிலே, திங்கள்சந்தையை ஒட்டினாற்போல் இருக்கும் நெய்யூர் சிறிய ஊர்தான். ஆயினும், தென் திருவிதாங்கூரின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுகிறவர் எவரும் அந்த ஊரை விட்டுவிட்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்க முடியாது. 1828-இல் சார்லஸ் மீட் பாதிரியார் இங்கே குடியேறி லண்டன் மிஷன் சங்கத்தின் பணிக்கு நிலையான ஓர் இடம் அமைத்தார். பத்து ஆண்டு கழித்து, 1838-இல், ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டர் வந்து சேர, ஆங்கில வைத்தியம் இந்த மண்ணில் காலூன்றியது. 1853-இல் வந்த டாக்டர் லீட்ச் மறு ஆண்டே முட்டம் கடலில் மூழ்கி மாண்டார். 1861-இல் வந்த டாக்டர் ஜான் லோ, வெளிநாட்டார் ஒருவர் தனித்து நின்று செய்கிற காரியம் இதுவன்று என்பதை உணர்ந்து, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தலைப்பட்டார்.

இந்த வரிசையில் உலகப் பிரசித்தி பெற்றவர் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்த அவர், அந்த யாத்திரை முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டபோது நெய்யூருக்கும் வந்தார். காத்திருக்கும் நோயாளிகளின் கூட்டத்தையும், அத்தனை பேரையும் சமாளிக்க இயலாமல் திணறும் ஆஸ்பத்திரியையும் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த உத்தியோக வாழ்வை உதறிவிட்டு மறு ஆண்டே இங்கு வந்து சேர்ந்தார். மரச்சீனியை உண்டு வயிற்றுப் புண்ணால் துடித்த ஏழை ஜனங்களுக்கு அவர் செய்த அறுவை சிகிச்சைகளைப் பற்றி இன்றைக்கும் இந்தப் பக்கத்து முதியவர்கள், தங்கள் பாட்டனார் சொன்னதாகச் சொல்லிக் கேட்கலாம்.

இவ்வளவு கீர்த்தியையும் மனத்தில் இருத்திக்கொண்டு நான் இங்கே ஆராய விரும்புவது வேறொரு விஷயம். எந்த யுகத்திலும் ஆஸ்பத்திரிகள் இரண்டு கணக்குகளைத் தவறாமல் வைத்திருக்கின்றன: எத்தனை பேருக்கு அறுவை நடந்தது, எத்தனை பேர் பிழைத்தார்கள். தையல் பிரித்து வீட்டுக்குப் போனவன் மறுபடியும் பனை ஏறினானா, கரமடி இழுக்கக் கடற்கரைக்குப் போனானா, அல்லது திண்ணையில் சாய்ந்தபடியே ஆயுளைக் கழித்தானா என்ற மூன்றாவது கணக்கை வைப்பவர் அரிது. அந்த மூன்றாவது கணக்குக்கு உரியவர்தாம் இயன்முறை சிகிச்சையாளர். ஜனங்களின் வாயில் சுருக்கமாக ‘பிசியோ’. நோயைப் போக்குவது சிகிச்சையின் முற்பாதி என்றால், பிழைத்த உடம்பைப் பிழைப்புக்குத் திருப்பிவிடுவது பிற்பாதி. நம் நாட்டில் முற்பாதிக்கு மாளிகைகள் எழும்பியிருக்கின்றன. பிற்பாதிக்குப் பல ஆஸ்பத்திரிகளில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறைதான்.

சோமர்வெல்லின் சரிதையிலேயே இதற்கு ஒரு விசித்திரமான முன்னுரை கிடைக்கிறது. 1924 ஜூன் 4-ஆம் தேதி, நார்ட்டன் என்ற தோழருடன் எவரெஸ்டின் மேல் சரிவில் 28,000 அடி உயரம் வரையில் ஏறிவிட்டு இறங்கும்போது, கடுங்குளிர்க் காற்றால் வெந்துபோயிருந்த அவருடைய தொண்டையின் உட்சவ்வு உரிந்து மூச்சுக்குழலை அடைத்துக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை. முன்னே போய்க்கொண்டிருந்த தோழரைக் கூவி அழைக்கக் குரலும் இல்லை. சாவது நிச்சயம் என்று பனியிலே உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் தம் மார்பை அழுத்தி, இருந்த பலமெல்லாம் கூட்டி ஓர் இருமல் இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது. கத்தியாலே பல்லாயிரம் பேரைக் காத்த வைத்தியர் தம் உயிரைக் காத்துக்கொண்டதற்குக் கத்தியும் உதவவில்லை, மருந்தும் உதவவில்லை. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளர் காலையும் மாலையும் செய்கிற வேலை ஏறக்குறைய இதுவே: நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விலாவைத் தட்டியும் அதிரச் செய்தும், இருமுகிற வேளையில் உள்ளங்கையால் அணைகொடுத்து அழுத்தியும், நுரையீரலில் தங்கிய சளியை மேலே கொண்டு வருதல். வயிற்றில் தையலோடு படுத்திருப்பவன் வலிக்குப் பயந்து இருமாமல் இருப்பான். தலையணையைத் தையல்மேல் அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தால் பயம் போய்விடும். இந்தச் சின்ன வித்தை தெரியாமையால் நிமோனியா வந்து இறந்தவர்கள் உண்டு.

அந்தக் காலத்து வைத்திய சாஸ்திரத்தில் படுக்கையே ஒரு மருந்து. குடலிறக்க அறுவையானாலும் பிரசவமானாலும் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், அசையாமல் கிடப்பதே உத்தமம் என்பது மேல்நாட்டிலும் சம்பிரதாயம். 1940-களை ஒட்டியே அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. படுக்கை தசையை உருக்குகிறது, காலின் இரத்தக் குழாய்களில் இரத்தத்தை உறையச் செய்கிறது, முதுகிலே புண்ணை உண்டாக்குகிறது என்ற உண்மைகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டபோது, நோயாளியை எழுப்பி நடத்த வேண்டியது வைத்தியத்தின் கடமையாகிவிட்டது. இன்று இடுப்பெலும்பு முறிந்த எண்பது வயதுக் கிழவியைக்கூட அறுவை முடிந்த மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்துகிறார்கள். உறவினர் கூடி நின்று, “இது என்ன அநியாயம், நேற்றுத்தானே கத்தி வைத்தீர்கள்?” என்று பதறுவார்கள். அந்தப் பதற்றத்துக்குப் பதில் சொல்வதும் சிகிச்சையாளரின் வேலையில் அடங்கியதே.

இந்தக் கலை தமிழ்நாட்டிலே எப்படி வேர்பிடித்தது என்பதை அறிய நெய்யூரிலிருந்து வேலூருக்குப் போக வேண்டும். 1949-இல் சோமர்வெல்லே அங்கே ஆசிரியராகப் போனார். அவருக்கு முன்பே 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்த பால் பிராண்ட் என்ற எலும்பு வைத்திய நிபுணர், மறு ஆண்டில் செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல்கள் நகம்போல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் கையை நீட்டி, “அழுத்திப் பிடியுங்கள்” என்றார். சூம்பிப்போன கை என்று எண்ணியதற்கு மாறாக அந்தப் பிடி அவருக்கு வலியெடுக்கும்படி இறுகியது. முன்கையில் இத்தனை பலமுள்ள தசைகள் மிஞ்சியிருக்கும்போது, செத்துப்போன சின்னத் தசைகளின் வேலையை அவற்றுக்கு மாற்றிக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. 1948-இல் அறுவைகள் தொடங்கின.

அந்த அறுவையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில், இயன்முறை சிகிச்சை ஏன் அறுவைக்கு ஏவலாள் ஆகாமல் அதற்குச் சமமான பங்காளி ஆகிறது என்பது இதைப்போல் வேறெங்கும் தெளிவாக விளங்குவதில்லை. பிராண்ட் கையாண்ட முறைகளில் ஒன்றின்படி, மணிக்கட்டைப் பின்புறமாக உயர்த்துகிற தசைகளில் ஒன்றை அதன் இடத்திலிருந்து விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாண் ஒன்றை அதனோடு இணைத்து, அந்த நாணின் நுனியை நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைப்பார்கள். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தால் விரல்கள் அசைவதில்லை. அசையாததற்குக் காரணம் தையல் தோற்றது அல்ல. மூளைக்குச் செய்தி போய்ச் சேராததே. ‘விரலை மடக்கு’ என்று அந்த மனிதன் எவ்வளவு மன்றாடினாலும், மூளை பழைய, செத்த தசைக்கே ஆணை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆகையால் சிகிச்சையாளர் அவனிடம் விரலைப் பற்றிப் பேசவே மாட்டார். “மணிக்கட்டைத் தூக்குங்கள்” என்பார். அவன் மணிக்கட்டைத் தூக்க எண்ணுவான். விரல்கள் முட்டியிலே மடங்கும். தன் கையைத் தானே வேடிக்கை பார்க்கும் அந்தக் கணத்திலிருந்து, மணிக்கணக்காக, வாரக்கணக்காக, அந்த ஏமாற்றுவித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து, மணிக்கட்டை நினைக்காமலே விரலை மடக்கும் நிலைக்கு வந்து சேர வேண்டும்.

அறுவைக்கு முந்தின வேலையும் சிறியதன்று. வருஷக்கணக்கில் மடங்கிக் கிடந்து இறுகிப்போன மூட்டில் எந்த நாணைத் தைத்தும் பிரயோஜனமில்லை. எண்ணெய் தடவி நீவியும், உருக்கிய மெழுகில் கையை அமிழ்த்தி இளகச் செய்தும், விரலைச் சற்றே நீட்டிய நிலையில் சிறு மாவுக்கட்டுப் போட்டு, சில நாளுக்கொருமுறை அதைக் கழற்றி இன்னும் சற்று நீட்டிப் போட்டும், பாகை பாகையாக அந்த மூட்டைத் திறக்க வேண்டும். சீனாவில் பணியாற்றி அங்கிருந்து வெளியேற நேர்ந்த ரூத் தாமஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி வேலூரில் இந்தப் பொறுப்பை ஏற்றார். தொழுநோயாளியைத் தொட உறவினரே அஞ்சிய காலம் அது. அந்தக் கைகளைத் தம் கைகளுக்குள் வைத்து அவர் நீவினார். பிராண்டின் பெயரை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு ரூத் தாமஸின் பெயர் தெரியும் என்று கேட்டால், நான் மேலே சொன்ன மூன்றாவது கணக்கின் கதி புரிந்துவிடும். பின்னர், வேலூருக்கு அருகே காரிகிரியில் 1955-இல் அமைந்த ஆராய்ச்சி நிலையம், தொழுநோய்க்கென்றே இயன்முறை உதவியாளர்களைப் பயிற்றி நாடெங்கும் அனுப்பியது.

அதே வேலூரில், 1954-இல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கையறுவை கற்று, பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966-இல் மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நோயாளியாக இருந்து பார்த்தவரே சிகிச்சையை வகுத்தது அந்த நிலையத்தின் விசேஷம்.

உலகத்தில் இந்தத் தொழிலின் தோற்றத்தைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1813-இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் நிறுவிய தேகப்பயிற்சிக் கழகமும், 1894-இல் லண்டனில் நான்கு செவிலியர்கள் கூடித் தங்கள் தொழிலின் மானத்தைக் காக்க அமைத்த சங்கமும் இதன் இரண்டு தாய்வேர்கள். போர்களும் இளம்பிள்ளைவாதமுமே இதை வளர்த்தன. இந்தியாவின் முதல் பள்ளிக்கூடம் 1953-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஒத்தாசையோடு பிறந்ததற்கும் அந்நகரில் பரவிய இளம்பிள்ளைவாதமே காரணம். 2014-இல் அந்த நோய் இந்தியாவை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது; அதற்கென்று வந்த தொழிலோ முன்னிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் பக்கவாதமும் மோட்டார் சைக்கிளும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன.

மறுபடியும் நெய்யூர்ப் பக்கம் வருவோம். இந்தக் குமரி ஜில்லாவின் தொழில்கள் ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வோர் அவயவத்தைத் தின்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. காலில் தளைநாரும் கையில் முருக்குத்தடியுமாகப் பனை ஏறுகிறவன் விழுந்தால் முதுகெலும்பு போயிற்று; விழாமலே முதுமை எய்தினாலும் முழங்காலும் தோளும் மிஞ்சுவதில்லை. விடியுமுன் நெற்றி விளக்கோடு போய் 300, 400 ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவன், ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பை வளைத்து, கத்தியைச் சீராக இழுத்து, மரத்தைச் சுற்றி நகர்கிறான். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண் பகல் முழுவதும் குந்தியிருக்கிறாள். குளச்சலிலும் கடியபட்டணத்திலும் வலை இழுக்கிறவனுடைய தோளைப் பற்றி எழுதவே வேண்டாம். வைத்தியர் இவர்களிடம், “அந்த வேலையை விட்டுவிடுங்கள்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார். அது வயிற்றை விட்டுவிடு என்பதற்குச் சமானம். அந்த வேலையை எப்படிச் செய்தால் உடம்பு தாங்கும், எந்தத் தசையைப் பலப்படுத்தினால் இடுப்பு பாரம் சுமக்கும், வலி வந்த காலத்தில் எவ்வளவு குறைத்து எப்போது மறுபடி கூட்டலாம் என்று சொல்லக்கூடியவர் சிகிச்சையாளரே. முதுகுவலி என்றால் பலகையில் மல்லாந்து வாரக்கணக்கில் கிட என்ற பழைய உபதேசம் இன்று வைத்திய சாஸ்திரத்தில் செல்லாக்காசு. இயன்றவரை நடமாடுவதே சாதாரண முதுகுவலிக்கு உகந்தது என்பதில் உலகம் முழுவதும் அபிப்பிராய ஒற்றுமை உண்டு.

முழங்கால் விஷயத்தை ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். சிகிச்சையாளரின் மேஜையில் பாகைகள் குறித்த கோணமானி ஒன்று கிடக்கும். இரண்டு கைகள் உள்ள அளவுகோல். அதன் நடுவை முழங்கால் மூட்டின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையைத் தொடைமீதும் மற்றொன்றைக் கணைக்கால்மீதும் பொருத்தினால் முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று தெரிந்துவிடும். நாற்காலியில் உட்கார 90 பாகை போதும். சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் 120-க்கும் 130-க்கும் மேலே வேண்டும். மேல்நாட்டுப் புத்தகம் வெற்றி என்று எழுதிவைத்திருக்கும் இடத்தில் நம்மூர்க் கிழவர் தோற்றுப்போகிறார்: அவர் பந்தியில் உட்கார முடியாது, குடும்பக் கோயில் கொடையில் தரையில் அமர முடியாது, பழைய கழிப்பறையில் குந்தி எழ முடியாது. ஆகவே நல்ல சிகிச்சையாளர் முதலில் விசாரிப்பது வலியை அன்று. வீட்டில் கழிப்பறை எப்படி, படி எத்தனை, கிணறு எவ்வளவு தூரம், எதில் படுக்கிறீர்கள் என்பதையே. ஊடுகதிர்ப் படத்தில் அகப்படாத சங்கதிகள் இவை.

பக்கவாதத்தில் இந்தத் தொழிலின் நுட்பம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1943-இல், யுத்தத்தில் நரம்பு அறுபட்டுவந்த சிப்பாய்களுக்காக பிரிட்டனில் வகுத்த ஓர் அளவு முறை இன்றும் எங்கும் புழங்குகிறது. அசைவே இல்லையென்றால் பூஜ்யம்; தசையில் ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தால் 1; படுக்கையோடு படுக்கையாகக் கையை நகர்த்த முடிந்தால் 2; பூமியின் ஈர்ப்பை எதிர்த்துத் தூக்கிவிட்டால் 3; சிகிச்சையாளரின் கை எதிர்த்து அழுத்துவதையும் ஓரளவு தாங்கினால் 4; பூரண பலம் 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள தூரமே பெருந்தூரம். ஜில்லாவின் எந்தக் கிராமத்திலும் காணக்கூடிய ஒரு காட்சி: ஓலைப் பாயில் அல்லது கயிற்றுக் கட்டிலில் ஒரு காலத்துப் பனையேறி, எதிரே, மகன் வயிற்றுப் பேத்தி வயதுள்ள ஒரு பெண். “கைய பொக்குங்க தாத்தா” என்கிறாள். “பொக்க முடியல்ல மக்களே, அது எனக்க கையே இல்ல” என்கிறார். அவள் தர்க்கம் செய்வதில்லை. அவருடைய முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, பாரத்தில் பாதியைத் தானே ஏந்திக்கொண்டு, “இப்போ பொக்குங்க” என்கிறாள். கை உயர்கிறது. எவ்வளவு அவர் தூக்கினார், எவ்வளவு தான் தூக்கினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. நாளுக்கு நாள் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் அவளுடைய சிகிச்சை.

பக்கத்தில் நிற்கிற வீட்டாருக்கும் ஒரு பாடம் உண்டு. பாசத்தினாலே அந்தத் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து அவரை உட்காரவைக்கிறார்கள். தசைகளின் பிடிப்பு போய்விட்ட தோள்மூட்டு அந்த இழுப்பில் நழுவிவிடும். கை வந்தாலும் வலியால் பயன்படாமல் போகும். தோள்பட்டைக்குப் பின்னே கையைக் கொடுத்து, நல்ல பக்கமாக உருட்டி எழுப்ப வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இழந்த இயக்கத்தில் பெரும்பகுதி முதல் மூன்று, ஆறு மாதங்களுக்குள்ளாகவே திரும்புகிறது. அதனால் இந்த அறிவு நோயாளி ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே வீட்டாரை வந்தடைய வேண்டும்.

தொட்டுக் குணப்படுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. குமரி ஜில்லா வர்ம வைத்தியத்தின் தாயகம். 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 ஸ்தானங்களைச் சுவடிகள் சொல்கின்றன. அடிமுறை கற்பித்த ஆசான்களே அடிபட்டவனுக்கு எண்ணெய் போட்டுத் திருமி எழுப்பவும் கற்றிருந்தார்கள். சிகிச்சையாளருக்கு இதனால் ஒரு சகாயமும் ஒரு சங்கடமும் உண்டு. உடம்பைத் தொட்டுச் செய்கிற வைத்தியத்தின்மீது ஜனங்களுக்கு இயல்பாகவே நம்பிக்கை இருப்பது சகாயம். தாம் சும்மா படுத்துக்கொண்டிருக்க, திருமுகிறவர் திருமினால் போதும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது சங்கடம். இரண்டு மரபுகளுக்கும் நடுவில் சண்டை மூட்டுவது என் நோக்கமன்று. நரம்பும் தசையும் சந்திக்கும் இடங்களை விரல்நுனியால் அறிந்த ஆசான்களின் ஞானம் முறையாகச் சோதித்தறியத்தக்கது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் முறிந்த எலும்பின்மேல் இறுக்கக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிற அரைகுறைக்காரர்களை வர்மத்தின் பெயரால் மன்னிக்க இயலாது.

அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். ‘கரண்ட் வைப்பது’ என்று ஒரு வழக்கு நம்மிடையே பரவியிருக்கிறது. வலித்த இடத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டி, இயந்திரத்தை முடுக்கி, பத்து நிமிஷம் சுருசுருவென்று ஏறவிட்டுப் பணம் வாங்கி அனுப்புகிற கடைகள் சின்ன ஊர்களிலும் முளைத்துவிட்டன. மின்சாரத்தால் வலி சிறிது நேரம் அடங்கலாம். தசைக்குப் பலத்தை அது சம்பாதித்துக் கொடுக்காது. பலம் பயிற்சியால்தான் வரும். பயிற்சியை நோயாளியே செய்ய வேண்டும். இதைச் சொல்கிற சிகிச்சையாளரைப் பற்றி, “டாக்டரம்மா ஒண்ணுமே செய்யல்ல, எக்ஸர்சைஸ் மட்டும் சொல்லித் தந்தாங்க” என்று நோயாளி குறைப்படுகிறார். இயந்திரம் மின்னினால்தான் வைத்தியம் என்று எண்ணும் மனோபாவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளும் தூபம் போட்டிருக்கின்றன.

நெய்யூரில் புற்றுநோய்க்கென்றும் ஒரு சிகிச்சை மையம் இயங்குகிறது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த பிரதேசம் இது. அந்த நோயிலும் இயன்முறை சிகிச்சைக்கு வேலை உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். கழுத்திலே பரவிய கட்டிகளை அகற்றும்போது தோளை உயர்த்தும் நரம்பு பாதிக்கப்பட்டால், பிழைத்தவரின் ஒரு தோள் தொங்கிப்போய், தலை வாரக்கூட கை எழும்பாது. கதிர்வீச்சுக்குப் பின் தாடைத் தசை இறுகி வாய் திறக்காமல் போகும். தன் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறவருக்குக் குறையில்லை. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால், ஐஸ் குச்சிபோன்ற மெல்லிய மரப்பட்டைகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, சில நாளுக்கு ஒரு பட்டை வீதம் கூட்டிக்கொண்டே போகச் சொல்வார்கள். மரப்பட்டைக்குச் செலவு அற்பம். அதைச் செய்யாதவர் ஆயுள் முழுவதும் கஞ்சித் தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

இத்தகைய தொழிலுக்குச் சட்டப்பூர்வமான அந்தஸ்து வந்தது அண்மையில்தான். 2021-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணைநலத் தொழிலர் ஆணையச் சட்டம், பத்துப் பிரிவுகளில் ஒன்றாக இயன்முறை சிகிச்சையையும் சேர்த்தது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளலாமா என்ற சர்ச்சையும் எழுந்தது. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதார சேவை இயக்ககம் கூடாது என்று ஒரு கடிதம் அனுப்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பட்டத்தைப் பற்றிய அந்தச் சண்டைக்குப் பத்திரிகைகள் கொடுத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைப் பணியிடங்களின் பற்றாக்குறைக்குக் கொடுத்திருந்தால் நோயாளிகளுக்கு நன்மை விளைந்திருக்கும்.

பற்றாக்குறை எத்தகையது என்பதைத் தமிழ்நாட்டு அரசின் நல்ல திட்டம் ஒன்றை வைத்தே காட்டலாம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதோடு நில்லாமல், படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி இயன்முறை சிகிச்சையாளரையும் அனுப்புகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆஸ்பத்திரியை வீட்டுக்கு வரவழைத்த இந்த யோசனையை மனமாரப் பாராட்டலாம். ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. 2011 கணக்கின்படி குமரி ஜில்லாவில் 18,70,374 ஜனங்கள், வட்டாரங்கள் 9. நாகர்கோவில் நகரத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு சிகிச்சையாளரின் பங்குக்கு ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாது. அவருடைய வண்டி ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் மறுபடி வருவதற்கு நாளாகும். பக்கவாதக்காரருக்கோ நாள்தோறும் பயிற்சி வேண்டும்.

இதனால், வீட்டுக்கு வருகிற சிகிச்சையாளரின் மெய்யான மாணாக்கர் கட்டிலில் கிடப்பவர் அல்லர். அவருடைய மனைவியோ மருமகளோ பள்ளிக்கூடம் போகிற பேரனோதான். அவர்களில் ஒருவரைத் தேர்ந்து, தம் கண்ணெதிரிலேயே இரண்டு மூன்று முறை செய்யவைத்துத் திருத்தி, அண்டியாபீசுக்குப் போகும் மருமகளுக்கு எந்த நேரம் ஒழியும் என்று கேட்டு அதற்கேற்பப் பயிற்சியை வகுத்துவிட்டுப் போகிறவரே காரியத்தைச் சாதிக்கிறார். ஆஸ்பத்திரிகளும் இந்த வேலையில் பாதியை முன்கூட்டியே முடித்துத் தரலாம். நோயாளியை அனுப்பும்போது கொடுக்கிற சீட்டில் மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அடுத்த முறை வர வேண்டிய தேதி இருக்கிறது. இன்ன பயிற்சி, நாளுக்கு எத்தனை முறை, வீட்டில் யாருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்று மூன்று வரி கூடுதலாக எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லாமல் இல்லை. வட்டாரச் சிகிச்சையாளர் வந்து அந்த மூன்று வரியைப் படித்தால், முதல் நாளை விசாரணையில் செலவிடாமல் இரண்டாவது படியிலிருந்தே தொடங்குவார்.